மூணாவது முகம்

அக்கா: இதுவும் வேணாம்டா.

தம்பி: அக்கா! உன் கம்ப்யூட்டர்ல போட்டு பத்து நிமிஷம்கூட ஆகல.

அக்கா: இந்த மூலையில இருக்குற பொடி பட்டனைப் போய்த் தொடணுமாம்... ஈ பிடிக்கிற மாதிரி இருக்கு.

தம்பி: காலையில போட்டதுல எல்லாம் பெருசு பெருசா இருந்துச்சே?

அக்கா: அதுல ஸ்கிரீன்ல திறக்குற ஜன்னலை எல்லாம் இழுத்து இழுத்து ஒதுக்கணும். யாரால முடியும்?

தம்பி: நொட்டை சொல்லவே பொறந்தவ நீ.

அக்கா: இந்த லினக்ஸ் கம்ப்யூட்டர்ல உள்ளே ஓடுறது ஒண்ணுதான், ஸ்கிரீன்ல தெரியுற முகத்தை எத்தனை வேணா மாத்தலாம்னு யாரு சொன்னது?

தம்பி: நான்தான். வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

அக்கா: ஏய்... வெளிய பாரேன்.

தம்பி: மழை வருமா?

அக்கா: தெரியல. கீழ இருக்குற மேகம் மட்டும் நகருது, மேல இருக்குறது அப்படியே நிக்குது... நான் கார்ட்டூன்ல பண்ற மாதிரியே.

தம்பி: இன்னும் எத்தனை வானம் பாக்கி?

அக்கா: பதினொண்ணு. படத்துல வர்ற குட்டித் திமிங்கலம் பறந்து வீட்டுக்குப் போற வரைக்கும்.

தம்பி: போன வாரம் பண்ணின வானத்துக்கு ஒரே பாராட்டாமே? நீ மவுஸால இழுத்துவிட்ட மேகம் மூச்சு விடுதுன்னு...

அக்கா: ...சொன்னாங்க.

தம்பி: அதுக்கு ஏன் மூஞ்சிய அப்படி வெச்சிருக்கே?

அக்கா: ஒண்ணுமில்ல. டேய்... மவுஸே இல்லாம ஓடுற முகம் ஏதாவது இருக்கா?

தம்பி: ...இருக்கு. ஜன்னல் எல்லாம் தானா பக்கத்துல பக்கத்துல ஒட்டிக்கும்.

அக்கா: அதை முதல்லயே காட்டுறதுக்கென்ன!

தம்பி: இப்பதானே கேட்டே? உக்காரு. இந்த ஓரத்துக் கீயைப் பிடிச்சுக்கிட்டு க்யூ தட்டு.

அக்கா: ஐ... என் வானம்!

தம்பி: டபிள்யூ.

அக்கா: கலர் எல்லாம் வந்துடுச்சு... கனவுல நடக்குற மாதிரி இருக்குடா. நினைச்சா எதிர்ல வந்து நிக்குது.

தம்பி: எஸ் தட்டினா மேகம் இந்தப் பக்கம், எஃப் தட்டினா அந்தப் பக்கம்.

அக்கா: மெதுவா போகுது பாரு... நேரா... எவ்வளவு நாளாச்சு. சரி, என்டர் தட்டட்டுமா?

தம்பி: அவ்வளவு தூரம் போகாதே. என்டரையும் இந்தப் பக்கம் கொண்டு வந்துட்டேன், ஏ-க்குப் பக்கத்துல.

அக்கா: என்டர்கூடவா? அப்ப வலது கைக்கு வேலையே இல்லையா?

தம்பி: அது பாட்டுக்கு மடியில கிடக்கட்டும்.

அக்கா: மேகம் ஒண்ணும் மூச்சு விடலடா. என் கைதான் நடுங்குது. வெளிய தெரிஞ்சா படத்தைப் பிடுங்கி வேற யாருக்காவது கொடுத்துடுவாங்க. பதினொண்ணையும் முடிச்சுட்டு உங்கிட்ட சொல்லலாம்னு... பயமா இருக்குடா.

தம்பி: நீ காபி டம்ளரை இடது கைக்கு மாத்தின அன்னிக்கே இந்த முகத்தைப் போட ஆரம்பிச்சுட்டேன், மூணு வாரமாச்சு. காலையிலேர்ந்து மத்த ரெண்டையும் காட்டினது, நீயா வாயைத் திறப்பேன்னுதான். வியாழக்கிழமை நாலு மணிக்கு டாக்டர், நானும் வரேன்... இப்ப என்டர் தட்டு.