கம்பளி சுற்றிய கொப்பரை

செம்புக் கொப்பரையின் சூடு இரண்டு வழியாகப் போகிறது. வாய் வழியாகப் போவது கண்ணுக்குத் தெரியும். அதனால் எல்லோரும் அதைப் பற்றியே பேசுவார்கள். பக்கங்களின் வழியாகப் போவது, கையை அருகில் கொண்டுபோனால்தான் தெரியும். முற்றத்தில் தனியாக நிற்கும் எங்கள் அடுப்பு வீட்டில் இருக்கும் கொப்பரை என் பாட்டனார் காலத்தது. ஒரு கன்றுக்குட்டி அதற்குள் படுத்துக்கொள்ளலாம். முளைகட்டிய பார்லியில் எடுத்த, பியருக்கான மால்ட் சாறு அதில் நான்கு மணி நேரம் கொதிக்க வேண்டும் என்பது தோர்விக் பண்ணையின் வழக்கம். அதற்குள் ஒரு சுவர் அளவு பிர்ச் மர விறகு தீர்ந்துவிடும். எழுபத்தாறு வயதில் நான் ஏன் அவ்வளவு விறகு பிளக்க வேண்டும்?

அதனால் அடுப்புக் கல் முடியும் இடத்திலிருந்து விளிம்பு வரை களிமண் பூசினேன். அதன்மேல் எங்கள் ஆடுகளின் கம்பளியைச் சுற்றினேன். அதற்குமேல் தகரம். பாதி விறகில் கொதி வந்தது. நெருப்பை அணைத்த மறுநாள் காலையிலும் கொப்பரை வெதுவெதுப்பாக இருக்கும். நீங்களும் தொட்டுப் பார்த்தீர்கள்.

உங்களோடு வந்த இளைஞர் கம்பளியைப் பற்றித்தான் கேட்டார். நீங்கள் மட்டும்தான் மூடியிலிருந்து ஓடைக்குப் போகும் குழாயைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல கேள்வி. இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர் என்று தெரிகிறது. உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் தாளில் ஏற வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கே பியர் குடிக்க யாரும் யாரையும் அழைப்பதில்லை. அடுப்பு வீட்டுக் கூரையில் வெள்ளையாக நீராவி எழுந்து நின்றால் அதுவே அழைப்பு. பார்த்தவர்கள் கைவேலையை முடித்துவிட்டு வருவார்கள். மெல்லிய ரொட்டியோ உப்புக்கண்டமோ கொண்டுவருவார்கள். கதவைத் தட்ட மாட்டார்கள். ஆவியைக் கண்டும் வராமல் இருப்பது அவமதிப்பு. ஆவி இல்லாதபோது வந்து நிற்பது அதைவிடப் பெரிய அவமதிப்பு.

தோர்விக் என்ற பெயர் நிலத்தால் பெருமை பெற்றதல்ல, ஈஸ்ட்டால் பெற்றது. பியர் புளித்து முடிந்ததும் அடியில் தங்கும் ஈஸ்ட்டை மர வளையத்தில் பூசி உலர்த்தி வைப்போம். அடுத்த முறை ஆறிய சாற்றில் வளையத்தைப் போட்டால் அது விழித்துக்கொள்ளும். எங்கள் வளையம் ஆறு தலைமுறை கண்டது. போர்க்காலத்திலும் சாகவில்லை. மற்ற வீடுகளில் ஈஸ்ட் கெட்டுப்போனால் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் கேட்பார்கள். என் அப்பா உடனே கொடுக்க மாட்டார். கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டுக் கொடுப்பார்.

அது என் கையில் செத்தது. வெயில் அதிகமான ஒரு கோடையில் வளையத்தை எடுத்தேன், வாடை சரியில்லை. என் தங்கை எல்டிரிட் பக்கத்தில் இருந்தாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளாமல் பிறந்த வீட்டிலேயே இருந்தவள். மூக்கும் நாக்கும் அவளுக்குக் கூர்மை.

“போச்சுண்ணே. காடி நாத்தம். ஹால்வர் வீட்ல போயி ஒரு துண்டு வாங்கிட்டு வா. அவன் தாத்தாவுக்கு நம்ம அப்பா குடுத்ததுதானே? நம்மளுதுதான் அங்க இருக்கு.”

“ஹால்வர் வீட்லயா?”

“ஆமா. அதுக்குத்தானே ஊருக்கெல்லாம் குடுத்து வெக்கிறது? ஒரு வீட்ல செத்தா இன்னொரு வீட்ல உசுரோட இருக்கும்.”

“அவன் தாத்தா நம்ம நெலத்துல குடிசை போட்டு நமக்கு உழைச்சவன். நான் தொப்பியக் கழட்டிக்கிட்டு அவன் வாசல்ல நிக்கணுமா?”

“போட்டுக்கிட்டே நில்லேன். உன் மண்டையில என்ன முடியா இருக்கு? குளிரத்தான் செய்யும்.”

நான் போகவில்லை. நகரத்துக் கடையில் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் வாங்கி வந்து வளையத்தில் பூசினேன். வந்தவர்கள் குடித்தார்கள். தோர்விக் ருசி வேறெங்கும் வராது என்றார்கள். ஈஸ்ட் கேட்டு வந்தவர்களுக்கும் அதையே கொடுத்தேன். ஹால்வரின் வளையத்தை எலி கொறித்துவிட்டது என்று அவனும் ஒரு நாள் வந்தான். அவனையும் கொஞ்ச நேரம் நிற்க வைத்துத்தான் கொடுத்தேன். அதோடு பழைய ஈஸ்ட் இந்தப் பள்ளத்தாக்கில் எந்த வீட்டிலும் இல்லை என்று நினைத்தேன். வருத்தமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். சாட்சி இல்லாமல் போயிற்று என்றுதான் இருந்தது.

போன ஆண்டு வசந்தத்தில் எல்டிரிட் மாவுப் பெட்டியிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள்.

“நம்ம ஈஸ்ட்டு. ஹால்வர் பொண்டாட்டி சாகறதுக்கு முன்னாடி எனக்குக் குடுத்தா. எலி கடிக்கறதுக்கு முந்தியே தனியா எடுத்து வெச்ச சரக்கு. அடுத்த தடவ எல்லாரும் வரட்டும், நானே சொல்லிடறேன். பழசு இந்தா இருக்கு, ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க, இத்தன வருஷம் நீங்க சப்புக் கொட்டினது ரொட்டிக்கடைச் சரக்குன்னு.”

“சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டுமே. ஒரு நாள் சிரிப்பாங்க. மறுநாள் குடிக்க வருவாங்க.”

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் சிரமம். கெட்ட எண்ணம் இருந்தால் பேசிச் சரிக்கட்டிவிடலாம்.

அதன் பிறகுதான் கொப்பரைக்கு மூடி செய்தேன். விளிம்பில் சரியாக உட்காரும் கனமான மூடி. நடுவில் ஒரு குழாய். குழாய் சுவரைத் தாண்டி ஓடைக்குள் இறங்கும். பனி உருகி வரும் தண்ணீர் பட்டதும் ஆவி உள்ளேயே நீராகிவிடும். மறுமுனையில் சொட்டுச் சொட்டாக வடியும். அடுப்பு வீட்டுச் சுவர்கள் காய்ந்து கிடந்தன. உத்திரத்தில் இருந்த பூஞ்சை போயிற்று. கூரையில் ஒரு நூல் ஆவி இல்லை.

யாரும் வரவில்லை.

கோடை நடுவில் காய்ச்சினேன், அறுவடைக்குக் காய்ச்சினேன், கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சினேன். எல்டிரிட் ஒவ்வொரு முறையும் பெஞ்சுகளைத் துடைத்துப் போட்டாள். மரக் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். நல்ல ஏப்ரன் கட்டிக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு அவளால் சரிவில் இறங்கி யார் வீட்டுக்கும் போக முடியாது. தொலைபேசி என் சட்டைப் பையில் இருந்தது.

“ஏண்ணே ஒருத்தரும் வரல?”

“உன் வாய்க்குப் பயந்துதான். ஹால்வரே சொன்னான். அந்தக் கிழவி பேச்சக் கேக்கறதுக்கு வீட்லயே தண்ணி குடிச்சிக்கலாம்னான்.”

ஹால்வர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் அதிகம் பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது. கிண்ணங்களைக் கழுவுவதையும் நிறுத்திவிட்டாள்.

போன மாதம் காய்ச்சியபோது அவள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். கூரையைப் பார்த்தாள். பிறகு ஓடைப் பக்கம் போய், குழாய் முனையில் சொட்டும் நீரை விரலில் பிடித்து முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் முறை. அடுத்த முறை அவள் மூடியைத் திறப்பாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை அடுப்பை நிறைய மூட்டினேன். கொதி நன்றாக வந்ததும், குழாயில் பாசி பிடித்திருக்கிறது, போய்ச் சுத்தம் செய்துவிட்டு வருகிறேன் என்று அவள் காதில் விழும்படி சொல்லிவிட்டு ஓடைக்குப் போனேன்.

கம்பளி கட்டிய கொப்பரையில் கொதி அடங்கவே அடங்காது. மூடியைச் சட்டென்று தூக்கினால் நுரை எழும்பி விளிம்பைத் தாண்டும். அது சர்க்கரைச் சாறு, தோலில் ஒட்டிக்கொள்ளும். முதலில் மூடி விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவள் சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் ஆவி ஆளுயரத்துக்கு வெள்ளையாக நின்றது. பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்திருக்கும்.

நான் போய் முதலில் மூடியை எடுத்துக் கொப்பரைமேல் வைத்தேன். பிறகுதான் கீழே பார்த்தேன். முகத்திலிருந்து மார்பு வரை வெந்திருந்தது. கண் திறந்திருந்தது. அவளைச் சுவரோரமாக இழுத்துப் போட்டேன். கொதிக்க இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருந்தது. எங்கள் வீட்டில் கொதியை நடுவில் நிறுத்தியதில்லை.

ஹால்வர் வந்தான். கையில் ரொட்டிப் பொட்டலம். நான் வாசலிலேயே எதிர்கொண்டேன்.

“என்ன பெரியவரே, ஒரு வருஷமா உங்க கூரை ஊமையாக் கெடந்துச்சு. இன்னிக்கு ஒரு கொட்டாவி விட்டுட்டு மறுபடி மூடிக்கிச்சே?”

“மூடி நழுவிடுச்சு.”

“எல்டிரிட் அக்கா எங்க? எனக்கு ஒரு வருஷத்துத் திட்டு பாக்கி இருக்கு.”

“தூங்கறா.”

கதவோரம் இருந்த பீப்பாயிலிருந்து பழைய பியரை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். நின்றபடியே குடித்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

“தோர்விக் ஈஸ்ட்டுன்னா தோர்விக் ஈஸ்ட்டுதான்யா. எங்க வீட்ல அதே ஈஸ்ட்டு, இந்த ருசி வரமாட்டேங்குது.”

அப்போது உள்ளே எல்டிரிட் கைத்தடியால் தரையைத் தட்டினாள்.

“என்ன சத்தம்?”

“மூடி. கொதியில தட்டுது.”

மறுபடியும் தட்டினாள். ஹால்வர் தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். மூடி தூக்கித் தூக்கித் தட்டினால் அந்த இடுக்கில் ஆவி வெளியே வர வேண்டும். கூரையில் ஒன்றும் இல்லை. என் வேலை அவ்வளவு சுத்தம். அவன் கிண்ணத்தைப் பாதியில் கீழே வைத்தான். இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் கிண்ணத்தைப் பாதியில் வைப்பதில்லை.

“சரி பெரியவரே, ஆட்டைப் பாக்கணும்” என்றான். தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். வளைவு தாண்டிய பிறகு ஓடினான் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது.

நான் உள்ளே போனேன்.

“ஹால்வரா வந்தான்?” என்றாள். உதடு சரியாகக் கூடவில்லை.

“ஆமா.”

“என் பேச்சுக்குப் பயந்து வரமாட்டான்னியே...”

அவள் ஏப்ரன் பையில் அந்தத் துணிப்பொட்டலம் இருந்தது. அன்றைக்கே எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறாள். நான் அதை அவிழ்த்து, உள்ளே இருப்பதை அவளுக்குக் காட்டினேன். பார்க்காமல் போய்விட்டால் பிறகு சந்தேகம் இருக்கும் அல்லவா? பிறகு அடுப்பில் போட்டேன். நல்ல வாசனை வந்தது. சின்ன வயதில் எங்கள் வீடு முழுவதும் இருந்த வாசனை. அவளும் அதை முகர்ந்தாள் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவள் தட்டவில்லை.

நீங்கள் வந்தபோது நான் சாற்றை வடிகட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் இளைஞர் அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தார். பாவம்.

கொப்பரையருகே கவிழ்ந்து கிடந்த ஸ்டூலைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை. தரையில் நின்றால் எல்டிரிட்டுக்கு மூடி எட்டாது. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. ஏறி எடையை முன்னால் சாய்த்தால் அது கவிழும். கொட்டகையில் கிடந்ததை அன்று காலை எடுத்து வந்து, குட்டைக்கால் கொப்பரைப் பக்கம் இருக்கும்படி வைத்தவன் நான்தான். பிறகுதான் ஓடைக்குப் போனேன். ஆகவே தவறுதலாக நடந்தது என்று யாரும் எனக்காகப் பேச வேண்டாம். ஆஸ்லாக் தோர்விக் தன் தங்கையைக் கொன்றான் என்றே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கடையில் ஈஸ்ட் வாங்கினேன் என்று சொன்னேனே, அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிடுங்கள். ஊரில் நாங்கள் தலைநிமிர்ந்து நடந்த குடும்பம்.