மூன்றாம் மாடியின் மணிப்பலகை

தொலைபேசி மணி அடித்தால் பலருக்கு எரிச்சல் வரும். எனக்கு வராது. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அடித்த உடனே எடுத்துவிடுவேன். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்குச் சுலபமாகப் புரியும், ஐயா.

அந்த முதியோர் இல்லத்தில் நெட்வொர்க் பார்ப்பவன் நான் ஒருவன்தான். படிக்கட்டுக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஓர் அறை. மனைவி போய்ச் சேர்ந்தபிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. இல்லத்தில் அப்படி இல்லை. தினம் ஏதாவது ஒரு கருவி படுத்துவிடும். மூன்றாம் மாடி நர்ஸ் கூப்பிடுவாள். "அண்ணா, டிவி மறுபடியும் மக்கர் பண்ணுது, கொஞ்சம் வாங்களேன்." போனால் டீ கொடுப்பாள். அதே மாடியில் கோடி அறையில் ஒரு பெரியவர், ரயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். "வாய்யா ஒயர் மாப்ளே, உனக்கு ஒயர விட்டா வேற சொந்தமே இல்லையா?" என்று வம்புக்கு இழுப்பார். நானும் சிரிப்பேன். உண்மையைத்தானே சொன்னார்.

பிறகு மேனேஜர் பிங் சோதனை போடச் சொன்னார். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. என் அறையில் இருக்கும் சர்வர் நிமிஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கருவியையும் 'இருக்கிறாயா' என்று கேட்கும். அது 'இருக்கிறேன்' என்று சொல்லும். தொடர்ந்து பதில் வராவிட்டால் திரையில் சிவப்பாகும், எனக்கும் மேனேஜருக்கும் செய்தி போகும். நன்றாகவே போட்டேன். எது படுத்தாலும், மாடியில் யாருக்கும் தெரிவதற்கு முன்பே, நாற்காலியில் உட்கார்ந்தபடி எழுப்பிவிடுவேன். மேனேஜர் தோளில் தட்டிக் கொடுத்தார். என் தொலைபேசி வாயை மூடிக்கொண்டது.

அத்தனை பெட்டிகளையும் இருக்கிறாயா என்று கேட்க ஏற்பாடு இருந்தது. அந்த அறைக்குள் நான் இருக்கிறேனா என்று யாரும் கேட்கவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது; அதை மறைக்க மாட்டேன்.

முதலில் டிவி லைனைத்தான் நிறுத்தினேன். 'பராமரிப்பு' என்று குறித்துவிட்டால் செய்தி யாருக்கும் போகாது. நர்ஸ் கூப்பிட்டாள், போனேன், டீ குடித்தேன். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. சில முறைக்குப் பிறகு, "டிவிதானே, பரவால்லண்ணா, மெதுவா வாங்க" என்றாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. மெதுவாக வரச் சொல்ல முடியாத ஒன்றாகத் தேடினேன்.

மணிப்பலகை அவள் மேஜைக்கு எதிரே இருக்கிறது. கட்டிலருகே பொத்தானை அழுத்தினால் அறை எண் அதில் எரியும், மணி அடிக்கும். போன வியாழன், மதியச் சாப்பாடு முடிந்ததும், பலகையின் இணைப்பை நிறுத்தினேன். பராமரிப்பு என்று குறித்துவிட்டுத் தொலைபேசியை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் கூப்பிடவில்லை. மணி அடிக்காவிட்டால் எல்லோரும் தூங்குகிறார்கள் என்றுதான் எந்த நர்ஸும் நினைப்பாள். அது உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். சத்தம் இல்லை என்பதற்காக எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பக்கூடாது. என் தொழிலே அதுதான்.

பொத்தான்கள் எல்லாம் என் சர்வர் வழியாகத்தான் போகின்றன. அதனால் கோடி அறை எண் என் திரையில் வந்தது. மறுபடி வந்தது. அப்புறம் விடாமல் வந்தது. அவர் சும்மா அழுத்துகிற ஆள் இல்லை. இணைப்பைத் திரும்பப் போட ஒரு தட்டு போதும். போட்டால் அவள் நேரே அவரிடம் ஓடிவிடுவாள். என்னை எதற்குக் கூப்பிடப் போகிறாள்? இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று இருந்தேன். எண் விட்டு விட்டு வந்தது, பிறகு வரவில்லை.

சாயங்காலம் தொலைபேசி அடித்தது. "அண்ணா, பெல்லே அடிக்கலண்ணா... டிரைவர் ஐயா போயிட்டாருண்ணா... ஓடி வாங்க." ஓடினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு எட்டு போய்ப் பாத்திருக்கணும், நான்தான் பாக்கல" என்று அழுதாள். "உன் மேல தப்பு இல்லம்மா" என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

நிறுத்தியது நான். பார்த்துக்கொண்டு இருந்ததும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர் யாருமில்லாமல் தனியாகச் செத்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் திருத்திவிடுங்கள், ஐயா. அவர் அழுத்தியதெல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தது. கடைசிவரைக்கும் நான் அவர் கூடவே இருந்தேன்.