அப்டேட்டில் எதுவும் போகாது

உங்கள் கணினித் திரையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது, டாக்டர். புதுப்பிப்பு தயாராக இருக்கிறது என்று அர்த்தம். பல மாதமாகத் தள்ளிப்போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் அப்படித்தான். புதுப்பித்தால் ஏதாவது போய்விடுமோ என்று ஒரு பயம்.

என் மனைவி வித்யாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால்தான் கொரட்டூர் ஃப்ளாட்டுக்குக் குடிவந்த கையோடு அவளுடைய லேப்டாப்பில் வேறு மாதிரி லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். மாற்ற முடியாத வகை என்பார்கள். கேன் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். காலிக் கேனை யாரும் குடத்தால் ஊற்றி நிரப்புவதில்லை. சீல் வைத்த புதுக் கேன் வருகிறது, அதைக் கவிழ்த்து வைக்கிறோம். இதுவும் அப்படித்தான். இயங்குதளம் முழுவதும் சீல் வைத்த ஒரே பொட்டலமாகத் தானே இறங்கி, அடுத்த முறை ஆன் செய்யும்போது மாட்டிக்கொள்ளும். சரியில்லை என்றால் முந்தையதற்கே திரும்பிவிடலாம். அழகான ஏற்பாடு. நாம் செய்த வேலையெல்லாம் தனி இடத்தில் இருக்கும், அதைப் புதுப்பிப்பு தொடவே தொடாது. கேன் மாறினால் சமையலறைப் பாத்திரமா மாறிவிடும்?

இதை அவளுக்குப் படம் போட்டே விளக்கினேன். "அப்டேட்ல எதுவும் போகாது" என்றேன். அது உண்மை. அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள பட்டறைகளுக்கு அவள் வீட்டிலிருந்தே வரைபடம் போட்டுக் கொடுத்தாள். எந்தத் தகட்டில் எங்கே ஓட்டை போட வேண்டும், எவ்வளவு ஆழம், எல்லாம் அவள் போடும் எண்தான். கெட்டிக்காரி. புனேயில் ஒரு நிறுவனம் அவளைத் தலைமை வடிவமைப்பாளராகக் கூப்பிட்டது. அன்று அவள் சமையலறையிலேயே ஒரு சுற்று ஆடினாள்.

"நீயும் வந்துடேன். உனக்கென்ன, எங்க உக்காந்தாலும் லேப்டாப் வேலைதானே?" என்றாள்.

போயிருக்கலாம். தடையென்று ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வீடு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடும் ஒன்றை நான் கலைப்பதில்லை. வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் ஆயுளுக்கும் அது ஒரு குறையாக நின்றிருக்கும். அவளே வேண்டாம் என்று முடிவு செய்தால் யாருக்கும் வருத்தம் இல்லை.

சீல் வைத்த இயங்குதளத்திலும் உரிமையாளரின் அமைப்புகளுக்கென்று ஒரு சின்ன இடம் விட்டிருப்பார்கள். எத்தனை புதுப்பிப்பு வந்தாலும் அங்கே வைத்தது அப்படியே இருக்கும். அங்கே நாலைந்து வரியில் ஒரு சிறு நிரல் எழுதி வைத்தேன். காலையில் அவள் லேப்டாப்பை ஆன் செய்து புதுப்பிப்பு மாட்டிக்கொண்டதும் அது ஓடும். வரைபடக் கோப்பின் உள்ளே இருப்பது வெறும் எழுத்தும் எண்ணும்தான். முந்தின நாள் அவள் முடித்து, இன்னும் பட்டறைக்கு அனுப்பாத வரைபடத்தில் ஏதாவது ஒரே ஒரு எண்ணை மாற்றும். கடைசியாகத் திருத்திய நேரத்தை மட்டும் பழையபடியே வைத்துவிடும். அவள் போய்ப் பார்த்தால், நேற்று மாலை அவளே சேமித்த நேரம்தான் இருக்கும். தினமும் ஓடாது. புதுப்பிப்பு வந்த நாளில் மட்டும். எப்போதும் நடக்கிற தவறைவிட எப்போதாவது நடக்கிற தவறைக் கண்டுபிடிப்பது கடினம்.

முதலில் கூப்பிட்டவர் எத்திராஜ், பட்டறை முதலாளி. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"இன்னாம்மா இது? ஓட்டை ஒரு பக்கம் கீது, போல்ட்டு ஒரு பக்கம் கீது. தூங்கிகினே வரைஞ்சியா? தகடு பூரா காயலாங்கடைக்குத்தான் போவணும்."

வித்யா கோப்பைத் திறந்து பார்த்தாள். நேரத்தைப் பார்த்தாள். "சரியாத்தான் போட்டேன்..." என்று ஆரம்பித்து, "போட்டேன்ல?" என்று என்னைப் பார்த்தாள். "ஒருவேளை அப்டேட்ல எதாவது...?"

நான் காபியை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடியும் முதலிலிருந்து பொறுமையாக விளக்கினேன். கேன், பாத்திரம், எல்லாம். புதுப்பிப்பு தொட்டிருக்க முடியாது என்று அவளுக்கே புரிந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மிச்சத்தை அவளே கணக்குப் போட்டுக்கொண்டாள்.

சில வாரத்தில் புனேக்கு வேண்டாம் என்று எழுதினாள். எழுதும்போது அழுதாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அதோடு நிரலை எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். எடுத்தால் தவறுகள் சட்டென்று நின்றுவிடும். நின்றால் அவள் ஏன் என்று யோசிப்பாள். ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்துவதும் ஒரு மாற்றம்தான்.

பிறகு நடந்ததில் என் கை எதிலும் இல்லை. கேஸை மூடிவிட்டு, மூடியதற்குச் சாட்சியாக அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். ஸ்கூட்டரை விற்றாள். கொரட்டூர் ஸ்டேஷனில் நின்றுகொண்டு, ஆவடி ரயில் எந்தப் பக்கம் வரும் என்று என்னைப் போனில் கேட்டாள். தான் சாப்பிட்டாயிற்றா என்று என்னையே கேட்டாள். நான் எண்களை மட்டும்தான் மாற்றினேன், டாக்டர். இதெல்லாம் தானாக வந்தது. உங்களிடம் அழைத்து வந்ததே நான்தான். நீங்கள் மாத்திரை எழுதினீர்கள். வேளை தவறாமல் கொடுத்தேன். பகலெல்லாம் தூங்கினாள்.

போன மாதம் அவள் தம்பி விஷ்ணு வந்து ஆவடிக்கு அழைத்துப்போனான். லேப்டாப் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அவனுடைய கணினியில் மறுபடி வரைய ஆரம்பித்து, எத்திராஜுக்கும் அனுப்பியிருக்கிறாள். அவன் எனக்குப் போன் செய்தான்.

"மாமா, அக்கா இங்க தெனம் வரைஞ்சுகினு கீது. எத்திராஜ் சார் ஒரு வாட்டி கூட கத்தல. மாத்திரை போட மறந்தா இன்னும் ஷார்ப்பா கீது. உங்க ஊட்லதான் இன்னாவோ கீது மாமா."

அதை அவன் உங்களிடமும் சொல்லியிருக்கிறான். அதனால்தான் என்னை மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டு, வீட்டிலிருக்கும் அவள் லேப்டாப்பில் என்னதான் இருக்கிறது என்று கேட்டீர்கள். இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் யாருக்கும் விளக்கியிருப்பேன். ஆமாம், நான்தான் செய்தேன். அவளுடைய மூளையில் எந்தக் கோளாறும் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை.

ஆனால் இதை நான் அவளிடம் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். அங்கேதான் நீங்கள் அவசரப்படுகிறீர்கள். நேற்றுகூடப் போனில், "விஷ்ணு உன்னப் பத்தி என்னென்னவோ சொல்றான், நான் ஒரு வார்த்தகூட நம்பல, என்னைக் கூட்டிட்டுப் போ" என்றாள். தன் கண்ணை அவள் நம்புவதில்லை. தன் கையை நம்புவதில்லை. இந்த உலகத்தில் அவள் இன்னும் முழுதாக நம்புவது என்னை ஒருவனைத்தான். அதையும் அவளிடமிருந்து பிடுங்கிவிட எனக்கு மனசு வரவில்லை, டாக்டர்.