பன்னீர்ச் செம்பு

பன்னீர் தெளிப்பதற்கு ஒரு கைவாட்டம் வேண்டும், டாக்டர். என் பேத்தி அஞ்சனாவுக்கு அது தானாகவே வந்தது. ஒன்பது வயதுப் பெண், பட்டுப் பாவாடையில் மண்டப வாசலில் நின்று, வந்தவர் எல்லார் மேலும் செம்பைக் குலுக்கினாள். சம்பந்தி சாமிநாதனின் வழுக்கைக்கு மட்டும் மூன்று தடவை. அவர் சிரித்த சிரிப்பில் உறுமிக்காரனுக்கே தாளம் தப்பியது.

எங்கள் ஊர் அலோர் காஜாவில் அப்படி ஒரு பரிசம் நடந்ததில்லை. என் கடைசி மகள் மலர்விழிக்கு இருபத்தொரு தட்டு வந்தது. லூபோக் சீனா தோட்டத்திலிருந்து ஒரு பஸ் நிறைய எஸ்டேட் சனம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எழுபத்திரண்டு வயதில் உறுமிக்கு நாலு அடி போட்டேன்.

அஞ்சனாவுக்கு முகக்கவசம் மாட்டித்தான் அவள் அம்மா விஜயராணி அனுப்பிவிட்டு, வீட்டு வேலைக்கென்று பின்தங்கியிருந்தாள். நான்தான் கழற்றினேன். இந்தத் தங்கையா வீட்டில் நோயாளி யாரும் இல்லை என்று சம்பந்தியிடம் சொல்லியிருந்தேன். எட்டு மாதத்துக்கு முன் என் மருமகள் தன் சிறுநீரகம் ஒன்றை மகளுக்குக் கொடுத்தபோது, கேட்டவர்களிடம் இருவரும் ஈப்போவுக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். பரம்பரைக் கோளாறு என்று பேச்சுக் கிளம்பினால் மலர்விழி கழுத்தில் தாலி ஏறாது. புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமலிருக்க எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கிறோம், சாதாரண அம்மைகூட இவளுக்கு ஆகாது என்று நீங்கள் சொன்னது எனக்கு நன்றாகவே நினைவிருந்தது.

சம்பந்தியின் பேரன் விமலன் வந்தபோது வேப்பிலை வாசம் அடித்தது. கழுத்தில் நீர் கோத்த முத்துகள், இன்னும் பொருக்குத் தட்டாதவை. எஸ்டேட் லயத்தில் வளர்ந்த எனக்கு அதைப் பார்க்கக் கண்ணாடி தேவையில்லை. சம்பந்தியம்மா என் பக்கத்தில் வந்து, "அம்மா விளையாடிட்டுப் போயிட்டா, அண்ணே. ரெண்டு தண்ணி ஊத்தியாச்சு லா" என்றார். மூன்றாம் தண்ணீர் ஊற்றும் முன் பிள்ளையை வெளியே கொண்டுவரக் கூடாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் பையனைத் திருப்பி அனுப்பச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

"அம்மாவே கூட வந்திருக்கா. நம்ம பாக்கியம்" என்றேன்.

பிள்ளைகள் இருவரும் பன்னீர்ச் செம்பைப் பிடுங்கிக்கொண்டு மண்டபம் முழுக்கத் துரத்தி விளையாடினார்கள். மூச்சு வாங்க வந்து, ஒரே கிளாஸ் ரோஸ் சிராப்பை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். தங்கையா பேத்திக்கும் இப்போதே மாப்பிள்ளை கிடைத்துவிட்டான் என்று யாரோ சொல்ல, சனம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

மூன்றாம் நாள் விஜயராணி வந்து நின்றாள். பக்கத்து வீட்டில் ஏதோ கேள்விப்பட்டிருந்தாள்.

"மாமா, அந்தப் பையனுக்கு அம்மையாமே? அப்படின்னா பாப்பாவுக்கு உடனே ஊசி போடணும், நாள் தள்ளக் கூடாது. நீங்க பாத்தீங்களா?"

"கொசுக்கடிம்மா. நான் கிட்டப் பாத்தேன்."

அவள் சிரித்தே விட்டாள், அவ்வளவு நிம்மதி. எங்கள் வீட்டில் என் வார்த்தைக்கு மேல் யாரும் விசாரித்ததில்லை. அன்று மாலை குடும்பமாகக் கிளேபாங் கடற்கரைக்குப் போய்த் தேங்காய் ஷேக் குடித்தோம். நுரை மீசையோடு அஞ்சனா என்னைப் போலவே விறைப்பாக உட்கார்ந்து காட்டினாள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பதினான்காம் நாள் காய்ச்சல். நுரையீரல், ஈரல் என்று அது பரவியதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். பதினெட்டாம் நாள் அஞ்சனா போய்விட்டாள்.

எங்கிருந்து தொற்றியது என்று கேட்டீர்கள். அந்தப் பையனிடமிருந்து. பார்த்தேன், தெரிந்துகொண்டேன், பேத்தியை அவன் முன்னால் நிற்க விட்டேன். ஊசி இருக்கிறது என்று கேட்ட பிறகும் கொசுக்கடி என்றேன். விஜயராணியிடம் நீங்களே சொல்லலாம். தை மாதக் கல்யாணம் முடிந்த பின் சொன்னால் நல்லது.

சம்பந்தி நேற்றும் கூப்பிட்டார். தேதியை மாற்ற வேண்டாம் என்கிறார். அந்த மனிதரிடம் ஒரு பொய் சொல்லிவிட்டோமே என்பதுதான் இத்தனை நாளாக எனக்கு உறுத்தலாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை. தங்கையா வீட்டில் நோயாளி யாரும் இல்லை.