தாட்சாயிணி பெயருக்கு நேரே இரண்டு டிக்

தம்பி சபேஷ்,

உன் அம்மா வைக்கும் வத்தக்குழம்பில் எப்போதும் உப்பு ஒரு கல் கூடுதலாகத்தான் இருக்கும். ஏழு வருஷப் பழக்கத்தில் ஒரு நாள்கூட நான் அதைச் சொன்னதில்லை. சினேகிதம் என்றால் சிலதை முழுங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. மாதர் மன்றத்தில் அம்மா பெயரில் சிறந்த தொண்டருக்கு ஒரு விருது ஏற்பாடு செய்திருப்பதாகவும், முதல் விருது எனக்குத்தான் என்றும் எழுதியிருக்கிறாய். மேடையில் படிக்க, அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி நாலு வரி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். நாலு வரியில் அடங்காது. எனக்கு வேறு வேலையும் இல்லாததால் காலையிலேயே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சுனாமி வந்த வாரத்தில்தான் நானும் உன் அம்மாவும் சினேகிதமானோம். பிச்சாவரம் பக்கத்துக் குப்பங்களுக்கு மன்றத்திலிருந்து புளிசோறு கொண்டுபோனோம். அவள் கிளறினாள், நான் பொட்டலம் கட்டினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து சிதம்பரம் வரைக்கும் அழுதாள். எனக்குப் பிள்ளை கிடையாது, வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகியிருந்தது. என் தோளில் ஒருத்தி சாய்ந்து எத்தனை வருஷம் இருக்கும் என்று அன்று யோசித்துப் பார்த்தேன்.

அப்போது நான் மன்றத்தின் செயலாளர். 2007இல் வடக்கு வீதியில் தனியாக இருந்த முத்தம்மாள் வழுக்கி விழுந்து கிடந்தது இரண்டு நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு மிஸ்டு கால் ஏற்பாட்டைக் கொண்டுவந்தவள் நான். உன் அம்மா உட்பட, தனியாக இருக்கிற ஒன்பது பேரும் காலை ஏழு மணிக்குள் எனக்கு ஒரு ரிங் கொடுத்துவிட்டு வைத்துவிட வேண்டும். பேச வேண்டியதில்லை. ரிங் வந்தால் ஆள் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம், நோட்டில் அவள் பெயருக்கு நேரே டிக் போடுவேன். வராவிட்டால் எட்டு மணிக்குள் போய்க் கதவைத் தட்ட வேண்டும். எல்லார் வீட்டு மாற்றுச் சாவியும் என்னிடம் இருந்தது. டிக் போட்டு முடித்ததும் நான் உன் அம்மாவுக்கு ஒரு ரிங் கொடுப்பேன், எனக்கு அவள்தான் ஆள். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுத்தவள் நான். என் டிக்கை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

2009இல் மாலதி வந்து சேர்ந்தாள். கல்லூரியில் வேலை, நல்ல சுறுசுறுப்பு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. உன் அம்மாவுக்கு அவளைக் கண்டதும் மற்றவர்கள் மறந்துபோனார்கள். சேத்தியாத்தோப்புக்கு மருத்துவ முகாம் என்றால் மாலதியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போவாள். நான் பஸ்ஸில் போவேன். போய்ச் சேர்ந்தால், "வாடி லலிதா, லேட்டாயிடுச்சே" என்பாள். அதற்கெல்லாம் நான் கோபித்துக்கொள்ளவில்லை.

போன வருஷம் பொதுக்குழுவில் உன் அம்மாதான் எழுந்து, மாலதியைச் செயலாளராகப் போடலாம் என்றாள். லலிதாவுக்கும் ஓய்வு வேண்டுமே என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது சமையலறையில் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த மிஸ்டு கால் நோட்டையும் நானே வாங்கிக்கட்டுமாக்கா?" என்று மாலதி கேட்டாள்.

"வேணாம்டி, அதையாவது அவகிட்டயே வுட்டு வை. பாவம், அவளுக்கு வேற என்னா இருக்குது?" என்றாள் உன் அம்மா.

தண்ணீர் குடிக்காமல் திரும்பிவிட்டேன். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். இரக்கப்பட்டாளே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் ‘தானே’ புயல் வந்தது. கடலூர் பக்கம் பலாவும் முந்திரியும் அடியோடு சாய்ந்து கிடந்தன. பொங்கலுக்கு முந்திய வாரம் மன்றத்துப் பெண்கள் நாலு நாள் அங்கேயே தங்கி வேலை செய்யப் புறப்பட்டார்கள். என்னை, "நீங்க நோட்டைப் பாத்துக்குங்க டீச்சர்" என்று விட்டுவிட்டுப் போனார்கள். உன் அம்மா முட்டிவலி என்று போகவில்லை.

செவ்வாய்க்கிழமை அவளிடமிருந்து ரிங் வரவில்லை. எட்டு மணிக்கு முன்பே போய்விட்டேன், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குளியலறை வாசலில் விழுந்து கிடந்தாள். செல்போன் கூடத்து அலமாரி மேல் இருந்தது.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. "லலிதா, வந்துட்டியா. நீ வந்துடுவன்னு தெரியும்டி. இடுப்பு போயிடிச்சி, எந்திரிக்க முடியல. கொஞ்சம் தண்ணி குடு."

"சாவி வீட்டுல இருக்குது. எடுத்துக்கிட்டு வரேன்" என்றேன்.

சாவி என் கைப்பையில் இருந்தது. தூசி அடிக்கும் என்று ஜன்னல் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். காபி போட்டுக் குடித்தேன். நோட்டை எடுத்து அவள் பெயருக்கு நேரே டிக் போட்டேன். எனக்கு அதைத் தவிர வேறொன்றும் இல்லை என்று சொன்னவள் அவள்தான். அப்படியானால் அதில் என்ன எழுதுவது என்பதும் என் இஷ்டம்தானே.

மதியம் மாலதி போன் பண்ணினாள். "டீச்சர், எல்லார்கிட்ட இருந்தும் கால் வந்துடுச்சா? தாட்சாயிணியக்கா எடுக்கவே மாட்டேங்கிறாங்க."

"காலையிலயே வந்துடுச்சிம்மா. தூங்குவா. நீ வேலையப் பாரு" என்றேன்.

புதன்கிழமையும் டிக் போட்டேன். அன்று அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. போனால் மனசு மாறிக் கதவைத் திறந்துவிடுவேன் என்று தெரியும். இளகிய மனசுக்காரி நான், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு, கடலூருக்குப் போகாத எங்கள் மன்றத்துப் பொன்னியைக் கூப்பிட்டு, "தாட்சாயிணிகிட்ட இருந்து இன்னிக்கு ரிங் வரல, போய்ப் பாரு" என்று சாவியைக் கொடுத்து அனுப்பினேன். பொன்னி அலறிக்கொண்டு ஓடி வந்தாள். எல்லாம் முடிந்திருந்தது.

விழுந்து ரெண்டு நாள் ஆகியிருக்கும் போலிருக்கிறதே, செல்போனில் கடைசி ரிங் என்றைக்கு என்று பார்க்கலாமே என்று யாரோ சொன்னார்கள். "டீச்சர் நோட்டுல நேத்திக்கு டிக் இருக்குது. அப்புறம் என்னா சந்தேகம்?" என்று அவர்கள் வாயை அடைத்தவள், சேதி கேட்டுக் கடலூரிலிருந்து ஓடி வந்த மாலதி. ஒரு ரிங் வரவில்லை என்றதும் அரை மணியில் ஆள் அனுப்பினாரே என்று என்னைத்தான் எல்லாரும் புகழ்ந்தார்கள். நீயும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாய். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மாவோடு பேசுகிற பிள்ளை நீ. அதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை.

இதை மேடையில் படிக்க முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் நீ கேட்டது கடைசி நாட்களைப் பற்றி. அந்த நாட்களில் அவளைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

உன் அம்மாவுக்குப் பிறகு என் ரிங்கை மாலதிக்குத்தான் கொடுக்கிறேன். "இனிமே எனக்குக் குடுங்க டீச்சர், நான் பாத்துக்குறேன்" என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த நோட்டையும் சாவிகளையும் அப்போதே கொண்டுபோய்விட்டாள். இன்று காலை நான் ரிங் கொடுக்கவில்லை. வேண்டுமென்றேதான் கொடுக்கவில்லை. எட்டு மணிக்குள் கதவைத் தட்ட யார் வந்தாலும் இந்தக் கடிதத்தை அவர்கள் கையில் கொடுத்து, உனக்கு அனுப்பச் சொல்லலாம் என்று நினைத்தேன். என்னைத் தேடி ஓடி வர எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்பதை நீயும் அப்போது தெரிந்துகொள்வாய்.

இப்போது மணி பன்னிரண்டரை ஆகிறது. அக்னி வெயில் பார், அதனால்தான் யாரும் கிளம்பியிருக்க மாட்டார்கள்.