முதலில் தூக்கிய கை

காலை ஒன்பதே கால், திருச்சுழி பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

“தத்தித் தத்தி வாசிக்கிற பிள்ளைகள அன்னைக்கு வீட்டுலயே வச்சுக்கிருவோம்னு பள்ளிக்கூடக் கூட்டத்துல மொதல்ல கை தூக்குனது நாந்தான் மதினி.”

“என்னைக்கு?”

“டவுனு கடைக்கார அய்யா வந்த அன்னைக்கு. வந்திருக்கிற பிள்ளைக பூராம் நல்லா வாசிச்சாத்தான் பொம்பளப் பிள்ளைகளுக்குக் கக்கூசு கட்டித் தருவேன்னு முன்னக்கூட்டியே சொல்லிட்டாக. டீச்சர் மூணு பேரச் சொன்னாக. மூணாவது எம்மக.”

“ஒனக்குத் தெரியாதாக்கும்?”

“வீட்டுல பொஸ்தகத்த விரிச்சுக் கடகடன்னு சொல்லுவா. எனக்கு எழுத்துத் தெரியுமா என்ன? மனப்பாடம்னு டீச்சர் சொல்லித்தான் தெரியும்.”

“மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதான?”

“மத்த ரெண்டு ஆத்தாமாரும் என்னையவே பாத்தாக. அன்னைக்குக் காலையில யூனிபாரம் போட்டு நின்னவள உள்ள கூப்பிட்டு ஒக்கார வச்சேன்.”

“சரி விடு. கக்கூசு வந்துருச்சுல்ல.”

“வந்துருச்சு, டைல்ஸெல்லாம் ஒட்டி. இவ மட்டும் போகமாட்டேங்கிறா. சாயந்திரம் வரைக்கும் அடக்கிக்கிட்டு வீட்டுக்கு ஓடியாரா. கேட்டா, அது வாசிக்கிற பிள்ளைகளுக்குக் கட்டுனதும்மாங்கிறா.”