கத்திய அந்த மேச மேல வைங்க

உள்ள வாங்கக்கா, செருப்பு அங்கயே கெடக்கட்டும். நீங்கதான் தேவனோட அக்காவா? வாசக் கேட்டுகிட்ட நிக்கும்போதே நெனச்சேன், அதே மூக்கு. அய்யய்யோ, கைல குடுக்காதீங்க! கத்திய கைக்குக் கை வாங்குனா சண்ட வரும்னு சொல்வாங்கல்ல? நம்ம ரெண்டு பேரும் இன்னிக்குத்தான் மொத மொத பாக்குறோம், அதுக்குள்ள எதுக்குச் சண்ட. அந்த மேச மேல வைங்க. ஆங், அங்கயே இருக்கட்டும். அப்புறமா எடுத்துக்குறேன். என்னா அவசரம்.

இந்த வெயில்ல செங்லேருந்து பாயா ரும்புட்டுக்கு ஒரு கத்திக்காகவா பஸ் ஏறி வந்தீங்க? மன்னிப்பெல்லாம் எதுக்குக்கா. ஆமா, தெரியும். வாரா வாரம் ஞாயித்துக்கெழம கத்திய குடுத்துட்டு வர்றேன்னு கெளம்புறாரு, திரும்பி வந்து பாத்தா கத்தி அவருகிட்டயேதான் இருக்கு. மறதி நோய் வந்துருச்சோன்னு பயப்படுறீங்க. ஐயோ, கண்ணத் தொடைங்கக்கா. அப்படியெல்லாம் ஒண்ணும் இருக்காது. என்னாது, வல்லாரயா? தெனமும் அரைச்சுத் தொவையல் பண்ணிக் குடுக்குறீங்களா? அவரு சாப்புடுறாரா? ஒரு வார்த்த சொல்லாம சாப்புடுறாராமே! நல்ல மனுஷன் லா.

இருங்க, தேத்தண்ணி கலக்குறேன். சீனி போடலாம்ல? இங்க அடுப்புகிட்டேருந்தே பேசுறேன், நல்லா கேக்கும்.

பொம்பளைக்கு எதுக்குக் கைப்பையில கத்தின்னு நீங்க வாயத் தொறந்து கேக்கல, ஆனா மூஞ்சி கேக்குது. நான் ஃபேக்டரில பேக்கிங் செக்‌ஷன். பொழுதன்னிக்கும் பெட்டி, டேப்பு, ராஃபியா கயிறு. கம்பெனில குடுக்குற கட்டரு காலைல இருக்கும், சாப்பாட்டு மணி அடிக்கறதுக்குள்ள காணாமப் போயிரும். அதான் சொந்தமா இந்தச் செவப்புப் புடி போட்ட மடக்குக் கத்திய வாங்கி வச்சுக்கிட்டேன். அது என் பையில இருக்குன்னு ஒருத்திக்குத் தெரிஞ்சிச்சு, அவ்வளவுதான். ஊருக்கே தெரிஞ்சு போச்சு.

ஒண்ணு சொல்றேன்க்கா. கத்திய எரவல் கேக்கும்போது எல்லாரும் ஒரே மாதிரிதான். புனிதாக்கா, புனிதாக்கான்னு தேனா ஒழுகும். திருப்பிக் குடுக்கும்போதுதான் ஆளு யாருன்னு தெரியும். சாதகம் பாக்கவே வேணாம். ஒரு வாரத்துக்குக் கத்தி குடுத்துப் பாத்தாப் போதும்.

எங்க லைன்ல ராகினின்னு ஒருத்தி. மாங்கா நறுக்கணும்னு வாங்குனா. நறுக்கி, உப்பு மொளகா போட்டு, செக்‌ஷன் பூரா குடுத்துத் தின்னா. எனக்கு ஒரு துண்டு குடுத்தாளா? கத்திய மட்டும் அப்படியே பிசுபிசுன்னு மடக்கி என் பையில போட்டுட்டா. மறுநாள் பஸ்ல டிக்கெட்டுக்குக் கைய விட்டா, பை பூரா எறும்பு. பஸ்ஸுல நான் குதிச்ச குதியப் பாத்து ட்ரைவரு வண்டிய ஓரங்கட்டி, சாமி வந்துருச்சான்னு கேட்டாரு.

அப்புறம் காந்தன்னு ஒரு சூப்பர்வைசர். ஃபேனு ஆடுது, ஸ்குரூ முடுக்கணும்னு வாங்கிட்டுப் போனாரு. முனைய ஒடச்சிட்டாரு. சரி, ஒடஞ்சது ஒடஞ்சிருச்சு. கத்தியத் தனியா, முனையத் தனியா ஒரு டிஷ்யூல அழகா மடிச்சுக் கொண்டாந்து குடுக்குறாருக்கா. எல்லாம் கரெக்டா இருக்கு, பாத்துக்கங்கன்னு வேற சொல்றாரு. நான் அந்த முனைய வச்சு என்னா பண்றது, பல்லு குத்தவா?

சிரிக்காதீங்க, இன்னும் இருக்கு. தர்மேந்திரன்னு எங்ககூட வேல பாக்குறவரு, புதுக் காரு எடுத்தாரு. கோயில்ல காருக்குப் பூச. கூட வேல பாக்குறவங்க எல்லாரும் போயிருந்தோம். எல்லாம் ரெடி, எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவித் திருஷ்டி சுத்தணும், கோயில் கத்தியக் காணோம். எமகண்டம் வர்றதுக்குள்ள முடிக்கணும்னு பூசாரி தவிக்கிறாரு. கூட்டமே திரும்பி என்னப் பாக்குது. எடுத்து வச்சேன். பூசாரி கேட்டாரு, அசைவம் கிசைவம் பட்ட கத்தி இல்லையேம்மான்னு. சேச்சே, டேப்பு மட்டும்தான் சாமி வெட்டுவேன்னு சொல்லிட்டேன். பழத்த அறுத்து, சுத்திப் போட்டு, கார எடுத்து ரோட்டுக்கு வுட்டாச்சு. அப்பத்தான் எனக்கு ஞாபகம் வருது. அதுக்கு மொத நாளுதான் எங்க லைன் மலர்விழி, நெத்திலிக் கருவாடு ஒரு பாக்கெட்டு வாங்கிட்டு வந்து, ரெஸ்ட் டைம்ல இந்தக் கத்தில தலய அறுத்துக்கிட்டு இருந்தா.

ஒண்ணும் ஆகலக்கா, சாமி புண்ணியத்துல காருக்கு ஒரு கீறல் இல்ல. ஆனா எங்க நிப்பாட்டுனாலும் பூனைங்க வந்து பானட்டு மேல படுத்துக்குது. அவரும் காரு சோப்பு மாத்திப் பாத்துட்டாரு, மஞ்சத் தண்ணி தெளிச்சுப் பாத்துட்டாரு. பூனை போக மாட்டேங்குது. எனக்கு அந்தப் பக்கம் நடக்கவே கூச்சமா இருக்கு. நீங்க யாருகிட்டயும் சொல்லிராதீங்க.

இந்தாங்க, தேத்தண்ணி. சுடும், பாத்து. இல்லக்கா, கத்தி அங்கயே இருக்கட்டும், அதுக்கு என்னா கால் மொளச்சா ஓடப் போகுது? முறுக்கு எடுத்துக்குங்க.

உங்க தம்பி கதைக்கு வர்றேன். கோயில் அன்னதானத்துல அரிசி மூட்ட வாயத் தச்சிருந்த நூலப் பிரிக்கத் தெரியாம, பல்லால கடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தாரு. அவ்வளவு பெரிய மீசைய வச்சுக்கிட்டு, நூலு மீசைல சிக்கி, மனுஷன் மூட்டையோட கட்டிப் போட்ட மாதிரி நிக்கிறாரு. எனக்குப் பாவமா இருந்துச்சு. அந்தக் கத்திய யாரும் கேக்காம நானா எடுத்துக் குடுத்தது அவருக்கு மட்டும்தான்க்கா. மூட்ட மேல வச்சேன், எடுத்துக்கிட்டாரு. அப்புறம் கூட்டம், பந்தி, எல தூக்கற வேல. கத்திய மறந்துட்டு நான் வீட்டுக்கு வந்துட்டேன். அவரும் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு.

மறு ஞாயித்துக்கெழம என்னா பண்ணியிருக்காரு தெரியுமா? என் பேரும் தெரியாது, வீடும் தெரியாது. பாயா ரும்புட்டுன்னு மட்டும் யாரோ சொல்லியிருக்காங்க. தனியா இருக்குற பொம்பளைய எங்கன்னு விசாரிச்சா தப்பா நெனப்பாங்கன்னு, இந்தத் தாமான்ல வீடு வீடா நின்னு, கத்தியத் தூக்கிக் காட்டி, இது உங்களதான்னு கேட்டிருக்காரு! மீசையோட ஒரு ஆளு, கைல கத்தி. மூல வீட்டுச் சீனத்தி கேட்ட இழுத்துப் பூட்டிட்டா. எதுத்த வீட்டு மலாய்க்கார மக்சிக் போலீசுக்கு ஃபோன் பண்ணப் போயிட்டாங்க. நான் வெளிய ஓடிப்போயி, அது என்னோட கத்திதான், என்னோட கத்திதான்னு ரோட்டுல நின்னு கத்துறேன். மக்சிக் என்னயும் ஒரு மாதிரிதான் பாத்தாங்க.

வந்து உக்காந்தாரு, நீங்க உக்காந்திருக்கீங்கல்ல, அதே நாக்காலிதான். கைல குடுக்கல, மேச மேல வச்சாரு. தொறந்து பாத்தேன்க்கா. காந்தன் ஒடச்ச முனையத் தேச்சுத் தேச்சுப் புதுசா கூரு எடுத்திருக்காரு. எண்ண போட்டிருக்காரு. புடி இடுக்குல இருந்த பழைய பிசுக்கெல்லாம் குச்சி வச்சு நோண்டி எடுத்திருக்காரு. எத்தன பேருகிட்ட போயிட்டு வந்த கத்தி! போனத விட நல்லா திரும்பி வந்தது அதுதான் மொத தடவ. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு.

ஆமாக்கா. குடுத்துட்டாருதான். மொத வாரமே குடுத்துட்டாரு. நீங்க கேக்கறது புரியுது. அப்ப கத்தி எப்படி உங்க வீட்டுல இருக்குன்னுதானே?

கை கழுவப் பின்னாடி போனாரு. அவரு மோட்டரு சைக்கிளு வாசல்ல நிக்குது. முன்னாடி கம்பிக் கூட இருக்குல்ல, அதுல கொண்டுபோயி போட்டுட்டேன். ஏன்னு கேக்காதீங்க. எனக்கே தெரியல, கால் தானா போச்சு, கை தானா போட்டுருச்சு. கத்திய வச்சிட்டுப் போனா அந்தாளு அப்புறம் எதுக்கு வரப் போறாரு? அது மட்டும்தான் மண்டைல ஓடுச்சு.

அடுத்த ஞாயித்துக்கெழம வந்து நிக்கிறாரு, தலயச் சொறிஞ்சுக்கிட்டு. குடுத்த மாதிரி இருந்துச்சும்மா, வீட்டுக்குப் போயி பாத்தா கூடைல கெடக்குதுன்றாரு. எனக்கு என்னா தெரியும்ணே, நீங்கதான் மறந்துட்டுப் போயிருப்பீங்கன்னு சொல்லிட்டேன். பாவம், மூஞ்சி வாடிப் போச்சு. அன்னிக்கும் தேத்தண்ணி குடிச்சாரு, அன்னிக்கும் கை கழுவப் போனாரு, அன்னிக்கும் போட்டேன். அதுக்கடுத்த வாரத்துலேருந்து அவர அண்ணேன்னு கூப்புடுறத நிறுத்திட்டேன். வாங்க, உக்காருங்க, இந்தாங்க, அவ்வளவுதான். அவரும் என்ன அம்மான்னு சொல்றத வுட்டுட்டாரு. இப்ப ரெண்டு பேருக்கும் கூப்புட ஒரு பேரு இல்ல.

ஒரே கஷ்டம் அந்தக் கூடதான். இரும்புக் கூடல்ல, கத்தியப் போட்டா டங்குன்னு சத்தம். அது கேக்கக் கூடாதுன்னு லொக்கு லொக்குன்னு பலமா இருமிக்கிட்டே போடுவேன். மறுவாரம் எனக்கு இருமலு மருந்து வாங்கிட்டு வந்துட்டாரு! கூடவே எப்படிக் குடிக்கணும்னு பாடம். அவரு பாத்துக்கிட்டே இருக்காரு, நான் அந்தக் கசப்பக் குடிச்சு மூடிய வச்சேன். நீங்க குடுக்குற வல்லாரய அவரு இப்படித்தான் முழுங்கியிருப்பாரு.

கோவமா இருக்கீங்களா? கோவப்படுங்க, ஞாயந்தான். தம்பிக்கு மூள கொழம்பிருச்சுன்னு அக்கா அழுவுறாங்க, இவ கூடைல கத்தி போட்டு வெளயாடுறாளேன்னு இருக்கும். நேரா சொல்லிருக்கலாம்தான். எனக்கு நாப்பத்தேழு, அவருக்கு அம்பது தாண்டியாச்சு. இந்த வயசுல எந்த வாய வச்சுக்கிட்டு ஆரம்பிக்கிறது? முன்னாடியெல்லாம் ஞாயித்துக்கெழமன்னா எனக்குத் துணி தொவைக்கிற நாளு, படுத்துத் தூங்குற நாளு. இப்ப சனிக்கெழமயே வீட்டப் பெருக்க ஆரம்பிச்சிட்டேன். சந்தோஷமா இருக்கேன்க்கா. சொன்னா வெக்கமா இருக்கு, ஆனா இருக்கேன்.

கொழம்பலக்கா, அவரு மூளைக்கு ஒண்ணுமே இல்ல. அதத்தான் சொல்ல வர்றேன். ஒண்ணு கேக்குறேன், இந்தக் கத்திய எங்கேருந்து எடுத்தீங்க? கூடைலேருந்துதானே? சும்மா கெடந்துச்சா, துண்டு மேல இருந்துச்சா? பாத்தீங்களா. அந்தப் பூப்போட்ட துண்டு. ஐயோ, அழுக்குன்னு தொவச்சுக் காயப் போட்டுட்டீங்களா? போச்சு போங்க!

போன வாரம் அவரு கை கழுவப் போனாரு. எப்பவும் சட்டுனு வந்துருவாரு, அன்னிக்கு வரவே இல்ல. பைப்பத் தொறந்து வுட்டுட்டு பாட்டுப் பாடுறாரு. சரி நல்லதாப் போச்சுன்னு நானும் இருமிக்கிட்டே கூடகிட்ட போனேன். உள்ள பாத்தா, அந்தத் துண்ட நாலா மடிச்சு மெத்த மாதிரி விரிச்சு வச்சிருக்காரு. கத்தியப் போட்டா சத்தம் கேக்காம இருக்கறதுக்கு.

கத்திய மெதுவா அது மேல வச்சேன்க்கா. இருமலு கூட வரல.

அதான். இப்ப உங்ககிட்ட ஒரே ஒரு உதவிதான் கேக்குறேன். துண்டு காஞ்சிருந்தா அதே மாதிரி மடிச்சுக் கூடைல வைங்க. மேச மேல இருக்குறத எடுத்து அது மேல வச்சிருங்க. நீங்க இங்க வந்தீங்கன்னும் சொல்ல வேணாம். நாளைக்கு ஞாயித்துக்கெழம, மனுஷன் வெறுங்கையோட எப்படி வருவாரு?